கப்புச்சினோ சரியாக வரவில்லையா? குறையை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

புதிதாக எஸ்பிரெசோ மெஷின் வாங்கியவர்கள் ஒரு வாரத்துக்குள் சொல்லும் புகார் ஏறக்குறைய ஒன்றேதான்: "கடையில வர்ற மாதிரி வரலை, மெஷின் சரியில்லைனு நினைக்கிறேன்." தெரிந்தவர்கள் வீடுகளில் போய் நின்று பார்த்ததில், கோளாறு மெஷினில் இருந்தது அபூர்வம். பெரும்பாலும் பாலில் இருக்கும், இல்லாவிட்டால் ஸ்டீம் குழாயின் முனை நிற்கிற இடத்தில் இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு குறைக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இது 15 பார், 20 பார் அழுத்தம் என்று பெட்டியில் போட்டிருக்கும், ஒரே ஹீட்டர் உள்ள, பக்கத்தில் ஸ்டீம் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண வீட்டு மெஷினுக்கானது. பொத்தானை அமுக்கினால் தானே நுரைத்துத் தரும் முழு ஆட்டோமேட்டிக்குக்கு இதில் பாதி பொருந்தாது.

## பால் சுடுகிறது, நுரை மட்டும் வரவில்லை

முனை ஆழத்தில் இருக்கிறதா? முதலில் பார்க்க வேண்டியது இதுதான். முனை பாலுக்குள் முழுகிக் கிடந்தால் நீராவி பாலைச் சுடவைக்கும், அவ்வளவுதான். காற்று உள்ளே போனால்தான் நுரை. முனையின் ஓட்டைகள் பாலின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே, அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஸ்டீமைத் திறந்ததும் பால் இருக்கும் ஜக்கை ஒரு நூல் அளவு கீழே இறக்குங்கள். காகிதத்தை மெல்லக் கிழிப்பது போல "ச்ச்... ச்ச்..." என்று விட்டு விட்டு ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் காற்று உள்ளே போவதற்கான அடையாளம். சத்தமே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். பால் தெறித்தால் மேலே தூக்குங்கள்.

பால் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது? காலையில் காய்ச்சி அடுப்படியில் வைத்த பாலை எடுத்து ஊற்றினால் கதை முடிந்தது. பால் உடம்புச் சூட்டை, அதாவது 37 டிகிரியைத் தொடும்வரைதான் நாம் காற்று ஏற்றுகிறோம். அறைச்சூட்டில் இருக்கும் பால் சில நொடிகளில் அந்த இடத்துக்கு வந்துவிடும், உங்கள் கை பழகுவதற்கு நேரமே கிடைக்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுங்கள். ஜக்கையும் ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தால் இன்னும் சில நொடிகள் கூடுதலாகக் கிடைக்கும்.

காய்ச்சிய பாலா? நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் தொடுவதே இல்லை என்பதால் இந்தக் கேள்வி எப்போதும் வரும். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்யப்பட்டது. ஃபிரிட்ஜில் வைத்து, தேதிக்குள் பயன்படுத்துவதாக இருந்தால் மறுபடி காய்ச்ச வேண்டாம், நேராக ஜக்கில் ஊற்றலாம். காய்ச்சி ஆறவைத்த பாலில் ஆடை கட்டும். அந்தத் துணுக்குகள் முனையில் போய் அடைக்கும், சுவையும் இரண்டு முறை வெந்த பால் சுவையாக இருக்கும். ஆனால் கறந்து கொண்டுவந்து ஊற்றுகிற பாலுக்கு இந்தச் சலுகை கிடையாது. பாஸ்டரைஸ் செய்ய 72 டிகிரியில் 15 நொடியாவது நிற்க வேண்டும். நாம் ஸ்டீம் செய்வது 60 டிகிரி பக்கம், அதுவும் கண நேரம். கறந்த பால்தான் வேண்டும் என்றால் காய்ச்சி, ஆடையை வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்துப் பயன்படுத்துங்கள்.

பாக்கெட் பழசா? பால் திரியாமல், வாசனை மாறாமல் இருக்கும்போதே நுரைக்கும் திறனை இழந்துவிடலாம். கொழுப்பு சிதைந்து உண்டாகும் அமிலங்கள் குமிழிகளை உடைத்துவிடும். நுரை வருவது போல வந்து, "சுர்ர்" என்று கண்ணெதிரே அடங்கினால் சந்தேகம் பால் மேல்தான். அன்றைக்கு வந்த வேறு ஒரு பாக்கெட்டை உடைத்து, எதையும் மாற்றாமல் அதே போலச் செய்து பாருங்கள். இப்போது நுரை நின்றால் விஷயம் முடிந்தது.

நிறம் எது வாங்குவது என்று கேட்பார்கள். ஆவினில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. நுரையைத் தாங்கிப் பிடிப்பது பாலின் புரதம். கொழுப்பு தருவது வாய்க்கு வழுவழுப்பு. கொழுப்பு கூடக்கூட நுரையைக் கட்டுப்படுத்துவது கொஞ்சம் சிரமம். கை பழகும்வரை நீலம், அப்புறம் பச்சை என்பது என் அபிப்பிராயம். ஆரஞ்சில் லாட்டே அருமையாக இருக்கும், ஆனால் அது கற்றுக்கொள்ளும் பால் இல்லை.

உறை அடைத்திருக்கிறதா? பல வீட்டு மெஷின்களில் ஸ்டீம் குழாய்க்கு மேல் கழற்றக்கூடிய ஒரு தடித்த உறை இருக்கும், அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு காற்று ஓட்டை. அந்த ஓட்டை பாலுக்கு வெளியே இருந்தால்தான் காற்றை இழுக்கும். பாலுக்குள் மூழ்கினாலும், காய்ந்த பால் அடைத்திருந்தாலும் நுரை வராது. மெஷின் ஆறிய பிறகு உறையைக் கழற்றி, வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, ஊக்கு முனையால் ஓட்டையைக் குத்திவிடுங்கள்.

தாவரப் பாலா? வீட்டில் அரைத்த பாதாம் பாலோ தேங்காய்ப் பாலோ நுரைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். "பாரிஸ்டா" என்று போட்டு விற்கும் ஓட்ஸ் பால், சோயா பால் பாக்கெட்டுகள் இதற்காகவே தயாராகின்றன, விலை உறுத்தும்.

இத்தனையும் பார்த்தும் நுரை இல்லையென்றால் நீராவிக்கே பலமில்லை. கீழே அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## நுரை வருகிறது, ஆனால் பெரிய பெரிய குமிழி

குழாயைத் துப்பவிட்டீர்களா? ஸ்டீம் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். பாலுக்குள் விடும் முன் ஒரு துணியில் பிடித்துத் திறந்து, தண்ணீர் போய் வெறும் நீராவி வரும்வரை விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் இரண்டு நொடி அது கக்கும் கக்கலிலேயே பால் மேல் பெரிய குமிழிகள் கிளம்பிவிடும்.

காற்று ஏற்றுவதை எப்போது நிறுத்தினீர்கள்? முதல்முறை செய்கிறவர்கள் கடைசிவரை "ச்ச் ச்ச்" என்று வைத்துக்கொண்டிருப்பார்கள். தவறு அங்கேதான். ஜக்கின் அடியில் உள்ளங்கையை வைத்திருங்கள். குளிர்ச்சி போய், சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் ஒரு நிலை வரும். அதுதான் 37 டிகிரி. அந்த நொடியில் ஜக்கை ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கி முனையை உள்ளே அமிழ்த்துங்கள். சத்தம் அடங்கிவிட வேண்டும். ஒற்றைக் குவளைக்கு காற்று ஏற்றும் நேரம் ஐந்தாறு நொடிதான் இருக்கும்.

பால் சுழல்கிறதா? காற்று ஏறிய பிறகு மீதி நேரம் முழுவதும் பால் ஜக்குக்குள் வட்டமாகச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சிதான் பெரிய குமிழிகளை உள்ளே இழுத்துப் பொடியாக்குகிறது. முனையை நட்டநடுவில் வைத்தால் பால் கொந்தளிக்குமே தவிர சுழலாது. ஜக்கின் மூக்கில் குழாயைச் சாய்த்து, முனையை நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில் வைத்து, ஜக்கைச் சற்றே சரித்துப் பிடியுங்கள். சரியான இடம் கிடைத்ததும் பாலின் நடுவில் ஒரு குழி விழுவது கண்ணுக்குத் தெரியும். அதைப் பிடித்துவிட்டால் கையை அசைக்காதீர்கள். ஜக்கை மேலும் கீழும் ஆட்டுவது சில வீடியோக்களில் பார்த்து வந்த பழக்கம், விட்டுவிடுங்கள்.

ஜக் பொருத்தமானதா? 600 மில்லி ஜக்கில் ஒரு குவளைக்கான பாலை ஊற்றினால் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், முனை மூழ்கவே மூழ்காது. ஒரு குவளைக்கு 350 மில்லி ஜக், அதில் மூக்கு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை பால். அதற்கு மேல் ஊற்றினால் பொங்கி வழியும்.

உறைதான் காரணமா? மேலே சொன்ன அந்தத் தடித்த உறை, யார் பிடித்தாலும் எப்படியோ நுரை வரட்டும் என்று வைத்தது. அது காற்றைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். கெட்டியான நுரை வரும், மெல்லிய நுரை வராது. உங்கள் மெஷினின் கையேடு அனுமதித்தால் உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் ஒல்லிக் குழாயை வைத்தே செய்து பாருங்கள். முதலில் கடினமாக இருக்கும். ஆனால் வாங்கிய மெஷினை மாற்றாமல் நுரையை மாற்ற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஏற்கெனவே வந்துவிட்ட பெரிய குமிழிகளுக்கு: ஜக்கை மேடை மேல் இரண்டு தட்டு தட்டி, வட்டமாகச் சுழற்றுங்கள். மேற்பரப்பு பளபளவென்று, குமிழி கண்ணுக்குத் தெரியாமல் ஆக வேண்டும். பத்து நொடி சுழற்றியும் ஆகாவிட்டால் அந்தப் பாலைப் பில்டர் காபிக்கு வைத்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஒருமுறை சூடான பாலை மறுபடி ஸ்டீம் செய்து சரிசெய்ய முடியாது.

பழகுவதற்காகத் தினமும் அரை லிட்டர் பாலை வீணடிக்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு ஸ்டீம் செய்யுங்கள். பால் போலவே சுழலும், நுரைக்கும், குழி விழும். முடிந்ததும் ஜக்கையும் குழாயையும் நன்றாகக் கழுவிவிட்டு, வெறும் தண்ணீரில் ஒருமுறை ஸ்டீமை ஓடவிடுங்கள்.

## மேலே நுரை, கீழே பால்: இரண்டும் தனித்தனி

இது வரிசைக் கோளாறு. பாலை நுரைத்து வைத்துவிட்டு, அப்புறம் ஷாட் (மெஷினில் இறங்கும் எஸ்பிரெசோ காபி) போடப் போனால் அதற்குள் நுரை மேலே ஏறி நின்றுவிடும். ஒற்றை ஹீட்டர் மெஷினில் முதலில் ஷாட், பிறகு பால். ஷாட்டின் சூட்டிலிருந்து ஸ்டீம் சூட்டுக்கு ஏறுவது விரைவாக நடக்கும்; இறங்குவதற்குத்தான் நேரம் ஆகும். ஷாட் ஒரு நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஸ்டீமை மூடியதிலிருந்து ஊற்றும்வரை ஜக்கைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். நடுவில் துணியால் குழாயைத் துடைக்க வேண்டும்தான். அதை இடது கையால் செய்யுங்கள், வலது கை சுழற்றட்டும். நுரையைக் கரண்டியால் தடுத்து, பாலை முதலில் ஊற்றி, நுரையைக் கடைசியில் மேலே அள்ளி வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

## ஸ்டீம் செய்யும்போது கிறீச்சென்று அலறுகிறது

காற்றே ஏறாமல் முனையை ஆழத்தில் வைத்துத் தொடங்கினால் அலறும். முனை ஜக்கின் சுவரையோ அடியையோ தொட்டாலும் அலறும். சிறிது மேலே கொண்டுவந்து முதல் நொடியிலேயே கொஞ்சம் காற்று கொடுங்கள், அடங்கிவிடும். அடங்காவிட்டால் முனையில் ஒரு ஓட்டை அடைத்திருக்கும். ஆறவிட்டு ஊக்கால் குத்துங்கள். இந்தச் சத்தத்துக்காக மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

## நீராவிக்குப் பலமில்லை, அல்லது தண்ணீராகவே கக்குகிறது

விளக்கு நிலைத்து எரியும்வரை பொறுத்தீர்களா? ஷாட்டுக்குத் தண்ணீர் 90-லிருந்து 95 டிகிரி வரை போதும். நீராவிக்கு அதைவிட எவ்வளவோ மேலே போக வேண்டும். ஸ்டீம் பொத்தானை அமுக்கியதும் திறந்தால் வெந்நீர்தான் வரும். விளக்கு மினுக்குவது நின்று நிலைத்து எரியட்டும்.

விளக்கு நிலைத்து எரிகிறது, ஆனால் பாதியில் பலம் போய்விடுகிறது என்றால் ஒரு தந்திரம். நிலைத்த விளக்கு என்றால் சூடு ஏறிவிட்டது, ஹீட்டர் ஓய்வெடுக்கிறது என்று பொருள். முதலில் துணிக்குள் சில நொடி நீராவியை விட்டு, ஹீட்டரை மறுபடி முடுக்கிவிட்டு, உடனே பாலுக்குள் இறங்குங்கள். பால் நுரைக்கும் நேரம் முழுவதும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். சின்னப் பாய்லர் மெஷின்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

முனை அடைத்திருக்கிறதா? பால் குடித்த குழாயை அப்படியே விட்டால், உள்ளே சூடு ஆறும்போது பாலை மேலே உறிஞ்சிக்கொள்ளும். அது காய்ந்து, மறுநாள் மீண்டும் வெந்து, கல்லாகிவிடும். முனையைத் திருகிக் கழற்ற முடிந்தால் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டைகளில் ஒன்றிலாவது வெளிச்சம் வராமல் மஞ்சளாக ஏதோ தெரியும். வெந்நீரில் ஊறவைத்துக் குத்தி எடுங்கள். இனிமேல் பாலிலிருந்து எடுத்த கையோடு ஈரத்துணியால் துடைத்து, இரண்டு நொடி நீராவியை வெளியே விடுங்கள். சூடு ஜாக்கிரதை, துணியைப் பல மடிப்பாக மடித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் எப்படி? மாலையில் மட்டும் நீராவி சோர்ந்துபோகிறது, விடிகாலையில் பிரமாதமாக வருகிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். ஹீட்டரின் பலம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டருக்கு 180 வோல்ட் கிடைத்தால் சூடு ஏறக்குறைய 60 சதவீதமாகிவிடும். அதே நேரத்தில் ஏசியும் கீசரும் ஓடுகிறதா என்று கவனித்து, அவற்றை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: இந்த மெஷின்கள் 1,300, 1,400 வாட் இழுக்கும். 15 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் போட வேண்டும். சாதாரண 5 ஆம்பியர் பாயிண்ட்டில் மாற்று பிளக் வைத்துப் போட்டிருந்தால் பாயிண்ட்டைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அது காபியைவிடப் பெரிய பிரச்சினை.

உப்பு படிந்திருக்கிறதா? போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் சில மாதங்களிலேயே உள்ளே சுண்ணாம்பு கட்டும். அதே தண்ணீர் கொதிக்கும் கெட்டிலின் அடியைப் பாருங்கள். அங்கே வெள்ளையாக இருந்தால் மெஷினுக்குள்ளும் அப்படியே. கையேட்டில் டீஸ்கேலிங், அதாவது அந்தச் சுண்ணாம்பைக் கரைத்தெடுக்கும் முறை இருக்கும். அதற்கான திரவமோ, கையேடு மறுக்காவிட்டால் சிட்ரிக் ஆசிட் கரைசலோ பயன்படுத்தலாம். லிட்டருக்கு 20 கிராம் அளவில் கரைப்பது வழக்கம். வினிகர் வேண்டாம், ரப்பர் பாகங்களில் வாசனை ஏறிக்கொண்டு போகவே போகாது. கழுவிய பிறகு இரண்டு டாங்க் நல்ல தண்ணீரை காபி வரும் வழியிலும் ஸ்டீம் வழியிலும் முழுசாக ஓடவிடுங்கள். இந்த வரியை மறக்காதீர்கள், கீழே மறுபடி வரும்.

பம்ப் உறுமுகிறது, ஒன்றுமே வரவில்லை. டாங்க் சரியாக உட்காரவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்துக்கொண்டது. டாங்கைக் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். ஸ்டீம் குமிழைத் திறந்துவைத்து வெந்நீர் விடும் நிலையில் பம்பை ஓட்டுங்கள். சில நொடிகளில் கடகடவென்று காற்று போய்த் தண்ணீர் வரும். வராவிட்டால் வறட்டுப் பம்பை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். சர்வீஸ்தான்.

## "சூடு பத்தலையே"

நம் ஊருக்கே உரிய புகார் இது, இதற்கு மெஷின் கம்பெனியின் கையேட்டில் பதில் கிடையாது. ஊரிலிருந்து வந்த அத்தைக்கு 60 டிகிரியில் அழகாக ஒரு கப்புச்சினோ போட்டுக் கொடுத்தால், ஒரு வாய் குடித்துவிட்டு "ஏன்டா, ஆறிப்போனதைக் குடுக்கறே?" என்பார். கொதிக்கக் கொதிக்க ஆற்றிக் குடித்துப் பழகிய நாக்குக்கு 60 டிகிரி ஆறிப்போனதுதான்.

முதலில் குவளையைப் பாருங்கள். தடித்த பீங்கான் குவளை அலமாரியிலிருந்து எடுத்தபடியே இருந்தால் ஊற்றியதுமே சூட்டை விழுங்கிவிடும். ஷாட் போடும் முன் குவளை நிறைய வெந்நீர் ஊற்றி வைத்து, கடைசி நிமிடத்தில் கொட்டுங்கள். பாதிப் புகார் இதிலேயே போய்விடும். போர்ட்டாஃபில்டரையும் (தூள் போட்டு மாட்டும் கைப்பிடி வைத்த பாகம்) மாட்டி, காபித்தூள் இல்லாமல் ஒருமுறை வெந்நீர் ஓடவிட்டால் ஷாட்டும் சூடாக விழும்.

போதவில்லையா? பாலை 65 டிகிரி வரை கொண்டுபோங்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஜக்கை உள்ளங்கையால் தாங்க முடியாமல் போகும் கட்டம் சுமார் 55-லிருந்து 60. அங்கிருந்து மூன்று நொடி. ஸ்டீமை மூடிய பிறகும் ஒன்றிரண்டு டிகிரி ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள். 70-ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு அடங்கி, வெந்த முட்டை வாசனை எட்டிப் பார்க்கும், நுரையும் முரடாகும். அத்தைக்கு அதுதான் பிடிக்கும் என்றால் 70 வரை போங்கள், நுரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவருக்குப் போடுவதைக் கடைசியில் போடுங்கள்.

சர்க்கரை போடுகிறவர்களுக்கு: பால் ஊற்றிய பிறகு கலக்கினால் நுரையும் போகும், சூடும் போகும். ஷாட்டிலேயே சர்க்கரையைப் போட்டுக் கரைத்துவிட்டுப் பாலை ஊற்றுங்கள்.

## பால்தான் தெரிகிறது, காபி தெரியவில்லை

அளவு. பெரும்பாலும் குவளைதான் பெரிது. 300 மில்லி மக்கில் ஒற்றை ஷாட்டை விட்டுவிட்டு மேலே பாலை நிரப்பினால் வெளிறிப்போய்த்தான் இருக்கும். டபுள் பேஸ்கெட்டில் (போர்ட்டாஃபில்டருக்குள் உட்காரும், இரண்டு ஷாட்டுக்கான தூள் பிடிக்கும் சல்லடைக் கிண்ணம்) ஷாட் எடுத்து, 150 மில்லி குவளையில் தொடங்குங்கள். அது கப்புச்சினோ. காபி நன்றாகத் தெரிகிறது என்று உறுதியான பிறகு 200, 240 என்று லாட்டேக்குப் போகலாம்.

ஷாட் எவ்வளவு நேரம் ஓடியது? இதற்கு ஒரு சமையலறைத் தராசு வேண்டும், இல்லாமல் எல்லாம் ஊகம்தான். 16 கிராம் தூள் போட்டால் 32 கிராம் காபி இறங்கியதும் நிறுத்துங்கள். 25-லிருந்து 30 நொடி பிடிக்க வேண்டும். பொத்தானை அமுக்கிவிட்டு குவளை நிறையும்வரை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பின்பாதியில் வருவது கசந்த தண்ணீர்.

பத்துப் பன்னிரண்டு நொடியிலேயே கடகடவென்று கொட்டிவிடுகிறதா? தூள் குறைவு, அல்லது அரைவை பெரிசு, அல்லது காபி பழசு. இந்த வரிசையில் பாருங்கள். காபிக்கடையில் பில்டருக்கு அரைத்து வாங்கிய தூள் எஸ்பிரெசோவுக்குப் பொதுவாகப் பெரிசு. இன்னும் நைசாக அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

சிக்கரி இருக்கிறதா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். சிக்கரி டிகாக்‌ஷனுக்குக் கெட்டியும் நிறமும் தரும், அது அதன் இடத்தில் நல்ல சரக்கு. எஸ்பிரெசோ பேஸ்கெட்டில் அது பிசுபிசுவென்று ஊறி அடைக்கும், க்ரீமாவும் (ஷாட்டின் மேல் நிற்கும் பழுப்பு நுரை) தராது. சிக்கரி இல்லாத தூள்தான் வேண்டும். பாலில் காபி எடுபட வேண்டுமென்றால் கொஞ்சம் ரோபஸ்டா கலந்த, நடுத்தரத்துக்குச் சற்று மேலே வறுத்த கொட்டை நல்லது. பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) மட்டும்தான் நல்லது என்ற நம்பிக்கையை இங்கே கொண்டுவராதீர்கள்.

செலவு வைக்கும் காரணம்: அரவை மெஷின். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவு, பாதி குருணை. அழுத்தம் கொடுக்கும் இரட்டைச் சுவர் பேஸ்கெட் அதைக் கொஞ்சம் மன்னிக்கும், ஒற்றைச் சுவர் பேஸ்கெட் மன்னிக்காது. உங்கள் பேஸ்கெட்டின் அடிப்புறத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தால் அது இரட்டைச் சுவர். கடைத்தூளோடு நிம்மதியாக அதிலேயே இருங்கள். அடி முழுவதும் ஓட்டையாக இருந்தால் பர் கிரைண்டர் (கொட்டையைப் பற்களுக்கிடையே ஒரே அளவாக நொறுக்கும் அரவை மெஷின்) வாங்கும்வரை ஷாட் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. கையால் சுற்றுவது போதும், மலிவும் அதுதான்.

## கருகிய கசப்பு, அல்லது முகம் சுளிக்கிற புளிப்பு

இரண்டாவது குவளை மட்டும் கருகுகிறதா? முதல் குவளைக்கு ஸ்டீம் செய்த சூட்டிலேயே அடுத்த ஷாட்டைப் போட்டிருப்பீர்கள். சில மெஷின்கள் விளக்குகளை மினுக்கி, மறுத்துவிடும். பல மெஷின்கள் வாய்திறக்காது. ஸ்டீமை அணைத்து, காபி வரும் வழியில் தண்ணீரை ஓடவிடுங்கள். முதலில் சீறிக்கொண்டு ஆவியாக வரும். சீற்றம் அடங்கி, தண்ணீர் அமைதியாக ஒழுகும்போது நிறுத்திவிட்டு ஷாட் போடுங்கள்.

எல்லாக் குவளையும் கசந்தால் ஷாட் அளவுக்கு மேல் ஓடுகிறது, அல்லது அரைவை மிக நைசு, அல்லது பேஸ்கெட்டில் பழைய எண்ணெய்ப்பிசுக்கு. பேஸ்கெட்டை முகர்ந்தாலே தெரியும். புளித்தால் நேர் எதிர்: ஷாட் விரைந்து ஓடுகிறது, அல்லது மெஷின் சூடேறும் முன் போட்டுவிட்டீர்கள். விளக்கு எரிந்த பிறகும் பத்து நிமிடம் விடுங்கள்.

## பால் திரிந்துவிட்டது

கரண்டியில் அதே பாலைக் கொஞ்சம் காய்ச்சிப் பாருங்கள். அங்கேயும் திரிந்தால் பால் கெட்டது, மெஷினைத் தொட வேண்டாம்.

அங்கே திரியவில்லை, மெஷினில் மட்டும் திரிகிறதா? சமீபத்தில் சிட்ரிக் ஆசிட் விட்டுக் கழுவினீர்களா என்று யோசியுங்கள். நன்றாக அலசாவிட்டால் ஸ்டீம் வழியில் தங்கிய அமிலம் பாலைத் திரித்துவிடும். மேலே மறக்காதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான். இரண்டு டாங்க் தண்ணீர், இரண்டு வழியிலும். அதுவும் இல்லையென்றால் குழாயில் ஒட்டிய நேற்றைய பால் புளித்திருக்கும்.

சோயா பால் என்றால் திரிவது இயல்பு; லேசாக வறுத்த, புளிப்பு மிகுந்த காபியும் சூடும் சேர்ந்தால் அது தாங்காது. நன்றாக வறுத்த காபிக்கு மாறி, பாலை 55 டிகிரியோடு நிறுத்துங்கள்.

## குவளையின் மேல் நுரையால் இதய வடிவம் போட வரவில்லை, வெள்ளைத் திட்டுதான் வருகிறது

சுவையில் குறையில்லை என்றால் இதற்காக வருந்த வேண்டாம். நுரை கெட்டியாக இருந்தால் கட்டியாக விழும், நீர்த்திருந்தால் கலந்து காணாமல் போகும். நுரை சரியாக இருந்தும் வரவில்லை என்றால் உயரம்தான். முதலில் நான்கு விரற்கடை உயரத்திலிருந்து மெலிதாக ஊற்றி, பாதி நிறைந்ததும் ஜக்கின் மூக்கைக் காபியைத் தொடுமளவுக்கு இறக்கி வேகமாக ஊற்றுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் பால் அடியில் போகும், கிட்டத்திலிருந்து ஊற்றினால் மேலே மிதக்கும்.

## எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

மெஷினைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது, அல்லது ஸ்டீம் போட்டதும் வீட்டு ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) விழுகிறது: பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். ஹீட்டரில் கரண்ட் கசிகிறது, மறுபடி போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். வயர் கருகும் வாசனைக்கும் இதேதான். மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் முதலில் சொட்டுத் தட்டு நிரம்பியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் உள் குழாய் விட்டிருக்கும். மெஷின் உடம்பின் இடுக்கிலிருந்து ஆவி வந்தாலும், டீஸ்கேல் செய்த பிறகும் நீராவி தேறாவிட்டாலும் சர்வீஸ். போர்ட்டாஃபில்டர் ஓரத்தில் காபி கசிவது மட்டும் வேறு கதை. விளிம்பில் தூள் ஒட்டியிருக்கும், துடையுங்கள். துடைத்தும் கசிந்தால் ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். அது மலிவான பாகம், கைவேலை தெரிந்தவர்கள் தாங்களே மாற்றலாம்.

தெருமுனை மிக்ஸி ரிப்பேர்க் கடையில் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வயர், பிளக், சுவிட்ச் வரை தாராளமாக. ஹீட்டர், பாய்லர், பாதுகாப்பு வால்வு என்று வந்தால் வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் ஆவி இருக்கும் பொருள், அந்த மாடலின் பாகம் வேண்டும். வாரண்டி இருந்தால் திருகாணியையே தொடாதீர்கள்.

சர்வீஸுக்குக் கூப்பிடும் முன் குறையை மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். ஆள் வரும் நேரத்தில் மெஷின் ஒழுங்காக வேலை செய்து உங்களைப் பொய்யராக்கிவிடும். டாங்கில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், கடைசியாக எப்போது டீஸ்கேல் செய்தீர்கள் என்பதையும் கேட்பார்கள். கொடுத்தனுப்புவதாக இருந்தால் டாங்கைக் காலி செய்து, ஸ்டீம் குமிழைத் திறந்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றி, பில்லின் நகலைப் பெட்டிக்குள் போட்டு அனுப்புங்கள். பேஸ்கெட்டுகளையும் ஸ்டீம் முனையையும் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், போன இடத்தில் தொலைந்தால் தனியாக வாங்குவது சிரமம்.